பொதுக் கோப்பகம்

அறிவு, பகிர்ந்தளிக்கப் பெருகும் செல்வமாகும். ஆயின், ஒருவர் எழுதிய கோப்பு அவருடைய கணிப்பொறியிலேயே அடைபட்டிருப்பின் பிறர்க்குப் பயன்படாது; பொறி பழுதுற்றால் பல்லாண்டு உழைப்பும் நொடியில் அழியும். இக்குறையைப் போக்க, அமெரிக்காவிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1982-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்துடன் இணைந்து ஒரு திட்டம் தொடங்கிற்று. அதிற் பிறந்ததே ஆண்ட்ரூ கோப்பு முறை. கார்னகி, மெலன் இருவரின் முதற்பெயரும் ஆண்ட்ரூ ஆதலின் இப்பெயர் அமைந்தது. இதனை வகுத்தோருள் முதன்மையானவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற மகாதேவ் சத்தியநாராயணன்.

இம்முறையில் கோப்புகள் யாவும் வழங்கி எனப்படும் பொதுப் பொறிகளில் இருக்கும். மாணவர் தம் பெயரையும் மறைச்சொல்லையும் அளித்து, குறித்த காலமே செல்லும் அனுமதிச் சீட்டைப் பெறுவர். வழங்கி, சீட்டுடையார்க்குரிய உரிமையை ஆராயும். சிலர் படிக்கலாம், சிலர் எழுதவும் செய்யலாம். கோப்பைத் திறந்தால் அதன் படியொன்று மாணவர் பொறிக்கு வந்து சேரும். மீண்டும் திறக்கையில் அப்படியே போதும். பிறர் அதனைத் திருத்தின், அப்படி பழையதாயிற்று என்பதை வழங்கியே அறிவிக்கும்.

இருவர் ஒரே வேளையில் திருத்தினால், இறுதியில் கோப்பை மூடியவர் எழுத்தே நிலைக்கும். மற்றவர் உழைப்பு மறையும். ஆதலின், கலந்து பேசித் திருத்துதலும் மறைச்சொல்லைக் காத்தலும் ஒவ்வொருவர் கடமையாகும். பொதுப்பொருளைக் காப்பது பொறி மட்டுமன்று. அதனைப் பயன்படுத்துவோர் ஒழுக்கமும் ஆகும்.