"தோலை உரிச்சிடுங்க சார்!" பெற்றோர் சொன்னால் ஆசிரியர் அடிக்கலாமா?

"கண்ணை மட்டும் விட்டுட்டு, தோலை உரிச்சிடுங்க சார்." பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது நம்ம ஊர் அப்பாக்கள் சொல்லும் டயலாக் இது. அதே பிள்ளை கையில் தழும்போடு வீட்டுக்கு வந்தால், மறுநாள் ஸ்கூல் வாசலில் சண்டை. ஆசிரியர் எதைத்தான் கேட்பார், பாவம்?

தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளில் பிரம்படிக்குத் தடை வந்துவிட்டது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. 'நாங்கதான் அடிக்கச் சொன்னோம்' என்று நீங்கள் சொன்னாலும் செல்லாது.

பலரும் கவனிக்காதது அந்த 'மனரீதியாக' என்ற வார்த்தையைத்தான். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் "இவன் மட்டும் ஹோம்வொர்க் முடிக்கலை" என்று பெயரோடு போட்டால், அத்தனை வீடும் பார்க்கும். என்னைக் கேட்டால், பிரம்படியைவிட இது மோசம்.

அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாதுன்னா என்னதான் செய்யறது? ஆசிரியர்களின் இந்தப் புலம்பல் நியாயமானதுதான். முதலில் காரணம் தெரியணும். பழனியில் தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்தால் அடிவாரக் கடைகளில் ராத்திரி வரை வியாபாரம். அப்பா, அம்மா ரெண்டு பேரும் கடையில் நின்றால் ஹோம்வொர்க்கை யார் பார்ப்பது? இதை ஆசிரியரிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான், குரூப்பில் இல்லை, தனியாகப் போன் செய்து.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசலாம். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அதையும் மீறி பிள்ளை மேல் கை வைத்தால், கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, ரெண்டும் உங்கள் போனில் இருக்கட்டும்.