கிணற்று நீரில் நைட்ரேட்டை அளக்கும் படலம்

நீரில் கரைந்த நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது; நீர் ஆவியாக ஆக அதன் அடர்வு கூடத்தான் செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 வகுத்த வரம்பு. அதற்கு மேற்பட்ட நீரில் கரைத்த பால்மாவு, கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடும். கோவை மாவட்டத்துக் கிணத்துக்கடவு போல் தக்காளியும் தென்னையும் விளையும் பாறைப் பகுதிகளில், யூரியாவிலும் சாணத்திலும் கழிவுநீரிலும் உள்ள நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, பாசனத்தோடும் மழையோடும் பாறை வெடிப்புகளில் இறங்கிவிடும். ஆகவே கிணற்றடியிலேயே அளந்து பார்க்கும் கருவி அவசியமாகிறது.

அத்தகைய கருவிகளில் ஒரு வகை, அயனியைத் தேர்ந்தறியும் மின்முனை. அதன் நுனியில் இருப்பது மெல்லிய பாலிமர் படலம். மூன்றில் ஒரு பங்கு பி.வி.சி., ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நெகிழூட்டி எண்ணெய், சிறிதளவு அம்மோனிய வகை உப்பு: இவற்றைக் கரைப்பானில் கலந்து கண்ணாடி வளையத்தில் ஊற்றி உலரவிட்டால், ரப்பர் போல் வளையும் படலம் கிடைக்கும். நைட்ரேட்டை ஈர்ப்பது அந்த உப்புதான். இங்கிலாந்தை அடுத்த வேல்ஸின் கார்டிஃபில் மூடி, தாமஸ் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 1972இல் இப்படிப்பட்ட பி.வி.சி. நைட்ரேட் மின்முனையை வெளியிட்டனர்.

25 டிகிரி செல்சியஸில் நைட்ரேட் பத்து மடங்கானால் மின்முனையின் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். 45 மில்லிகிராம் 90 ஆனால் மாற்றம் 18 மில்லிவோல்ட் மட்டுமே. ஒரு மில்லிவோல்ட் பிசகினாலே அளவு 4 சதவீதம் தவறிவிடும். படலத்தை மாற்றியமைக்கும் ஆய்வுகள் இந்தப் பிசகைக் குறைக்கத்தான்.

முதல் சிக்கல் உப்பு நீர். நைட்ரேட்டுக்குக் காட்டும் நாட்டத்தில் இருநூறில் ஒரு பங்கைக் குளோரைடுக்குக் காட்டும் படலத்தை எடுத்துக்கொண்டால், லிட்டருக்கு 1000 மில்லிகிராம் குளோரைடு உள்ள நீர் வரம்பளவு நைட்ரேட்டைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் காட்டும். நெகிழூட்டியையும் படலத்தின் அம்மோனிய உப்பையும் மாற்றி இந்தப் பிழையைக் குறைக்கலாம். இரண்டாவது, அந்த உப்பும் நெகிழூட்டி எண்ணெயும் மெல்லக் கசிந்து படலம் சோர்ந்துபோவது. நைட்ரேட்டை ஈர்க்கும் மூலக்கூறை பாலிமர் சங்கிலியோடு வேதிப்பிணைப்பால் கோத்துவிட்டால் கசிவு குறையும். மூன்றாவது, படலத்தை உலோகத்தின் மேல் பூசிய மின்முனைகளில் இரண்டுக்கும் இடையே நீர் புகுந்து அளவு நகர்வது. நீரை ஒட்டவிடாத கார்பன் நானோகுழாய் அடுக்கு இதைத் தடுக்க உதவும்.

வேறொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் ஹட்சின்ஸ், பச்சாஸ் இருவரும் 1995இல் பாலிபைரோல் என்னும் மின்கடத்தும் பாலிமரை நைட்ரேட் கரைசலிலேயே மின்வேதி முறையில் வளர்த்தனர். வளரும் பாலிமரில் நைட்ரேட்டுக்குப் பொருந்தும் இடங்கள் அமைகின்றன. பிற அயனிகளைவிட நைட்ரேட்டையே அந்தப் பாலிமர் விரும்பி ஏற்கிறது.

எந்தப் படலமானாலும், அளவு தெரிந்த நைட்ரேட் கரைசல்களில் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். வரம்பைத் தொடும் நீரை ஆய்வகத்திலும் சோதித்து உறுதி செய்ய வேண்டும்.