குவாண்டம் ஆய்வுக்கு நாள் குறிப்பது எப்படி?

இன்னும் விடை காணப்படாத ஓர் அறிவியல் கேள்விக்கு எந்த ஆண்டில் விடை கிடைக்கும் என்று முன்கூட்டியே ஊரறிய எழுதிவைப்பதை ஆய்வு நிறுவனங்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும்; ஆனால் ஐ.பி.எம். நிறுவனம் 2020 செப்டம்பரில் அதைத்தான் செய்தது. 0, 1 என்னும் இரு நிலைகளின் கலப்பாகவும் இருக்கக்கூடிய தகவல் அலகான கியூபிட், அந்நிறுவனம் செய்யும் சில்லுகளில் 2021-இல் 127, 2022-இல் 433, 2023-இல் 1,121 என்று பெருகும் என அந்த ஆண்டுவாரித் திட்டம் அறிவித்தது. ஈகிள், ஆஸ்ப்ரே, காண்டோர் எனப் பறவைப் பெயர் சூட்டப்பட்ட மூன்று சில்லுகளும் குறித்த ஆண்டுகளிலேயே வெளிவந்தன.

இது கைகூடியதற்கு முதன்மையான காரணம், ஒவ்வொரு சில்லுக்கும் பெரிய சிக்கல் ஒன்றையே ஒப்படைத்த திட்டமுறைதான் எனலாம். ஈகிளில் கியூபிட்கள் ஒரே தளத்தில் இருக்க, அவற்றைக் கட்டுப்படுத்தும் கம்பித்தடங்கள் வேறு அடுக்குகளுக்கு மாற்றப்பட்டன. ஆஸ்ப்ரேயில் தடித்த வடங்களின் இடத்தை நாடா போன்று வளையும் வடங்கள் பிடித்தன. காண்டோரின் கேள்வி அளவைப் பற்றியது: தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கும் கடுங்குளிரில் இயங்கும் ஒரே குளிர்கலத்துக்குள் ஒரு மைலுக்கும் கூடுதலான வடங்களை அடக்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட கியூபிட்களை இயக்க முடியுமா என்பதே அது. புதியவை அனைத்தையும் ஒரே சில்லில் திணித்திருந்தால், அது பழுதுபடும்போது பழுதின் வேர் எது என்று எவராலும் பிரித்தறிய முடிந்திராது.

ஆயினும் திட்டத்தின் உண்மையான மதிப்பு அது காப்பாற்றப்பட்டதைவிடத் திருத்தப்பட்டதில்தான் கூடுதலாகத் தெரிகிறது. 2020 பட்டியலில் இடம்பெறாத ஹெரான் என்னும் 133 கியூபிட் சில்லு, 2022 மே மாதத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டு, 2023 டிசம்பரில் காண்டோருடன் ஒரே நேரத்தில் அறிமுகமானது. அண்டைக் கியூபிட்களுக்கிடையிலான பிணைப்பைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் வல்ல இணைப்பிகளைக் கொண்டிருந்ததால், அதன் செயல்திறன் ஈகிளைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்காக இருந்தது. அப்போது அறிமுகமான சிஸ்டம் டூ என்னும் கணினியில் பொருத்தப்பட்டவை காண்டோர்கள் அல்ல, மூன்று ஹெரான்களே. எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டு மூன்றாண்டு ஓடிய ஒரு நிறுவனம், பிழைக்குறைவை அளவுகோலாக ஏற்றுக்கொண்டது துணிவான மேலாண்மை முடிவு.

அடுத்த திருத்தத்துக்குக் காரணம் கணிதம். பல கியூபிட்களை ஒருங்கு சேர்த்து, அவற்றுள் எழும் பிழைகளைக் கண்டு திருத்தி, நம்பத்தக்க ஒரே அலகாக ஆள்வதைத் தருக்கக் கியூபிட் என்பர். 12 தருக்கக் கியூபிட்களை 288 கியூபிட்களைக் கொண்டு காக்கும் பிழைத்திருத்தக் குறிமுறை ஒன்றை ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 2024 மார்ச்சில் நேச்சர் இதழில் வெளியிட்டனர். பரப்புக் குறிமுறை எனப்படும் வழக்கமான முறைக்கு ஏறத்தாழ 3,000 தேவைப்படும். ஆனால் இரண்டு அல்லது மூன்று அண்டைகளோடு மட்டுமே இணைந்திருந்த கியூபிட், இப்புதிய முறையில், தொலைவில் உள்ளவற்றையும் சேர்த்து, ஆறோடு இணைய வேண்டியிருந்ததால், சில்லின் அமைப்பையே மாற்ற நேர்ந்தது. 2022 திட்டத்தில் 2025-க்குரிய 4,158 கியூபிட் இயந்திரமாக எழுதப்பட்டிருந்த கூகபுர்ரா, பின்னர் 2026-க்குரிய பிழைத்திருத்த அலகாகப் பொருள் மாறியது. பழைய எண்ணைக் காப்பாற்றுவதற்காகப் பயனற்ற ஒன்றைச் செய்து முடிப்பதினும் இது நேர்மையானது.

இவ்வாறு திருத்திக்கொண்டே செல்லும் ஆய்வில், ஒரு சில்லைச் செய்து சோதித்து அடுத்ததைத் தொடங்க ஆகும் காலமே விலைமதிப்புள்ளது. உற்பத்தியை ஆல்பனியில் உள்ள 300 மில்லிமீட்டர் சிலிக்கான் தட்டு ஆலைக்கு மாற்றியதால் அக்காலம் பாதியாகக் குறைந்ததாக அந்நிறுவனம் 2025-இல் தெரிவித்தது. இன்றைய பட்டியலில் 2029-க்கு எதிரே உள்ள பெயர் ஸ்டார்லிங். நியூயார்க் மாநிலத்தின் போக்கிப்சியில் அமையவிருக்கும் அக்கணினி, 200 தருக்கக் கியூபிட்களில் 10 கோடிச் செயல்களைச் செய்து முடிக்க வேண்டும்.