காது பழகட்டும் முதலில்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 2004-இல் வந்த ‘தி டெர்மினல்’ படத்தில், டாம் ஹாங்க்ஸ் நியூயார்க் விமான நிலையத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்வார். ஆங்கிலம் தெரியாது. நியூயார்க் பற்றிய வழிகாட்டிப் புத்தகத்தைத் தன் மொழியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என வாங்கி, இரண்டையும் பக்கம் பக்கமாக விரித்து ஒப்பிட்டுப் படிப்பார். ஆங்கிலம் கற்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் காட்சி இதுதான்.

ஆனால் எழுத்தைப் படித்தால் மட்டும் போதாது. பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தவர்களுக்கும் ஆங்கிலப் பட வசனம் பிடிபடுவதில்லை. கடினமான சொற்கள்தான் காரணம் என்று நினைத்து அகராதியைத் தூக்குகிறார்கள். ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 318 படங்களின் வசனங்களை அலசி 2009-இல் வெளியிட்ட கணக்கு வேறு சொல்கிறது. அதிகம் புழங்கும் 3,000 சொற்குடும்பங்களும் ஆள், ஊர் போன்றவற்றின் பெயர்களும் தெரிந்தால் வசனத்தில் சுமார் 95 சதவீதம் தெரிந்த சொற்களே. கோ, கோஸ், கோயிங் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம். இவற்றில் பெரும்பகுதியை நம் பிள்ளைகள் எழுத்தில் பார்த்திருக்கிறார்கள். காதுக்குத்தான் அவை புதிது.

‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ’ என்று புத்தகத்தில் ஆறு சொல்லாக நிற்பது, திரையில் ‘வாட்ச கன டூ’ என்று ஒரே மூச்சில் போய்விடும். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று வீட்டில் யார் சொல்கிறார்கள்? ‘போய்ட்ருக்கேன்’தான். பாடநூலில் மட்டும் தமிழ் படித்த ஒருவரை மதுரைப் பேருந்து நிலையத்தில் விட்டால் என்ன ஆகுமோ, அதுதான் நமக்கு ஆங்கிலப் படத்தில் ஆகிறது.

சப்டைட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். தாராளமாக, ஆனால் ஆங்கிலத்தில். நெதர்லாந்து மாணவர்களுக்கு ஆஸ்திரேலியத் தொடர் ஒன்றையும், ஸ்காட்லாந்துப் பேச்சு நிறைந்த ‘ட்ரெயின்ஸ்பாட்டிங்’ படத்தையும் காட்டிச் சோதித்தார்கள். அந்த ஆய்வும் 2009-இல் வந்ததுதான். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களுக்குப் பழகாத உச்சரிப்பு எளிதில் பிடிபட்டது. டச்சு எழுத்தோடு பார்த்தவர்களுக்குப் புதிய வாக்கியங்களைக் கேட்டுப் புரிந்துகொள்வது, எழுத்தே இல்லாமல் பார்த்தவர்களைவிடச் சிரமமானது. தாய்மொழி எழுத்து கதையைச் சொல்லிவிடும், காதுக்கு உதவாது. அப்படியிருக்க, ஆங்கிலக் குரலே கேட்காத தமிழ் டப்பிங்கில் நூறு ஹாலிவுட் படம் பார்த்தும் ஒரு சொல்கூட ஒட்டாததில் வியப்பில்லை.

முழுப் படம் வேண்டாம். இரண்டு நிமிடக் காட்சி போதும். முதலில் எழுத்தில்லாமல் பாருங்கள், பிறகு ஆங்கில எழுத்தோடு, மறுபடி எழுத்தில்லாமல். நடிகரோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லுங்கள். நோட்டில் தனிச்சொல்லை எழுதாதீர்கள். முழு வாக்கியத்தை எழுதி, யார் யாரிடம் எந்த மனநிலையில் சொன்னார் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். ‘கிவ்’ தெரியும், ‘அப்’ தெரியும். ஆனால் ‘கிவ் அப்’ என்றால் கைவிடுதல் என்பது, தோற்றுத் தளர்ந்த ஒரு முகம் அதைச் சொல்லும்போதுதான் மனதில் நிற்கும். ‘தினம் ஐந்து சொல்’ என்று கைபேசியில் ஓடும் துணுக்குகளில் அந்த முகம் இல்லை. அதனால்தான் அவை காலையில் வந்து மாலையில் மறந்துபோகின்றன.

வசவுச் சொற்களையும் தெருப் பேச்சையும் புரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அவை ஆகாது.

உங்களுக்குப் பிடித்த, ஏற்கெனவே கதை தெரிந்த ஆங்கிலப் படம் ஒன்று இருக்குமே? இன்றிரவு அதிலிருந்து இரண்டே நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே இரண்டு நிமிடத்தை நாளைக்கும் பாருங்கள்.