கதையில் இருந்தது திரையில் எங்கே போயிற்று?

கோத்தா திங்கி பட்டணத்தில் எங்கள் அண்ணன் அன்றாடம் காலையில் போய் அமரும் கோப்பிக்கடை ஒன்று உண்டு. நாற்பது ஆண்டுக்காலம் பால்மரம் வெட்டிய கை, இப்போது கோப்பிக் குவளையைப் பிடித்தபடி ஓய்ந்திருக்கிறது. எதிரே வந்து உட்காருபவர் ஓர் இரும்புக்கடைச் சீனர். இருவரும் பாசார் மலாயில் பேசிக்கொள்வார்கள். அவர் இவரை 'அண்ணே' என்பார். இவர் அவரைத் 'தவுக்கே' என்பார். செம்பனை விலையையும் மழையையும் பேசி முடித்த பிறகு இருவரும் ஒரே புகாருக்கு வந்து சேர்வார்கள்.

"புத்தகத்தில் இருப்பது ஒன்று, படத்தில் காட்டுவது வேறொன்று!"

தவுக்கே சொல்வது மூன்று ராஜ்யங்களின் கதையை. அண்ணன் சொல்வது பொன்னியின் செல்வனை. வாசகர்களே, இந்த வழக்கு உங்கள் வீட்டு வரவேற்பறையிலும் நடந்திருக்கும். நீங்கள் எந்தக் கட்சி? புத்தகத்தின் கட்சியா, திரையின் கட்சியா? தீர்ப்புச் சொல்லுமுன் இரு தரப்பு வாதத்தையும் சற்றுக் கேளுங்கள்.

தவுக்கேயின் வழக்கு

சீனர் கடைகளில் சிவந்த முகமும் நீண்ட தாடியும் கொண்ட ஒரு தெய்வத்தின் மாடத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் பெயர் குவான் யூ. ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் உண்மையாகவே வாழ்ந்த ஒரு படைத்தலைவர். அவர் புகழை ஊரெல்லாம் பரப்பியது லுவோ குவான்சோங் எழுதியதாகச் சொல்லப்படும், 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மூன்று ராஜ்யங்களின் கதை. மொத்தம் 120 அத்தியாயங்கள்.

சீன மத்தியத் தொலைக்காட்சி இதனை 1994-இல் 84 பகுதிகள் கொண்ட நாடகமாக எடுத்தது. பின்னர் 2010-இல் 95 பகுதிகளில் புதிய நாடகம் ஒன்று வந்தது. அதோடு தொடங்கிற்று சண்டை! பழைய நாடகம் புத்தகத்தை ஒட்டிப் போயிற்று. புதியதோ, நாவலில் வஞ்சகனாக வரும் சாவ் சாவ்வை நகைச்சுவையும் அறிவும் உள்ள மனிதனாகக் காட்டிற்று. "வில்லனை நாயகனாக்கிவிட்டார்கள்" என்று மூத்தவர்கள் கொதித்தார்கள். "இப்போதுதான் அவன் மனிதனாகத் தெரிகிறான்" என்றார்கள் இளையவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாவ் சாவ்வை வஞ்சகனாக்கியதில் பெரும்பங்கு அந்த நாவலுக்கே உரியது. அக்காலத்திற்கு நெருங்கிய 3-ஆம் நூற்றாண்டில் சென் ஷோ எழுதிய வரலாற்று நூலில், அவன் ஆற்றல் மிகுந்த ஆட்சியாளனாகவும் தென்படுகிறான். மூன்று வீரர்கள் பீச் மரத் தோட்டத்தில் சகோதரர்களாகச் சத்தியம் செய்த புகழ்பெற்ற காட்சி அந்த வரலாற்று நூலில் இல்லை. ஆகவேதான் 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் சாங் சுயேசெங், அந்த நாவலில் ஏழு பங்கு உண்மை, மூன்று பங்கு கற்பனை என்று கணக்குச் சொன்னார். இரண்டும் கலந்து கிடப்பதால் படிப்பவர் குழம்பிப் போகிறார் என்பது அவருடைய குறை.

ஆக, 2010 நாடகம் மாற்றியது வரலாற்றையா, அல்லது வரலாற்றை ஏற்கெனவே மாற்றிய ஒரு கதையையா? இந்தக் கேள்வியை நான் கேட்டபோது தவுக்கே சற்று யோசித்தார். "கதையை மாற்றினாலும் கோபம் வரத்தானே செய்யும்?" என்றார். அதுவும் நியாயம்தான்!

அண்ணனின் வழக்கு

இனி நம்முடைய வழக்குக்கு வருவோம். கல்கி கிருஷ்ணமூர்த்தி, 'கல்கி' வார இதழில் 1950-இல் பொன்னியின் செல்வனைத் தொடங்கி 1954-இல் முடித்தார். முடித்த அதே ஆண்டில் காலமானார். மூன்றரை ஆண்டுக்காலம் வாரந்தோறும் வந்த கதை அது. ஒவ்வொரு வாரமும் வாசகனை ஒரு திருப்பத்தில் நிறுத்தி, அடுத்த இதழுக்காகக் காத்திருக்க வைத்த கதை. ஓவியர் மணியம் வரைந்த படங்களில்தான் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் குந்தவைக்கும் முகம் கிடைத்தது. படித்தவர்கள் மனத்தில் அந்த முகங்கள் அப்படியே பதிந்துவிட்டன.

எம்.ஜி.ஆர். 1958-இல் படமாக்க முயன்றார்; கைகூடவில்லை. இறுதியில் மணிரத்னம் எடுத்து, முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ஆம் நாளிலும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ஆம் நாளிலும் வெளிவந்தன. ஐந்து பாகங்களில் இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் ஓடும் கதையை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். கத்தரிக்கோல் வேலை செய்யாமல் இருக்குமா?

மணிமேகலை என்ற பாத்திரமே காணாமல் போயிற்று. அவளுடைய துன்பத்தை எண்ணிக் கண்ணீர் வடித்த வாசகர்கள் ஏராளம். நாவலின் முடிவில் சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன் என்று தெரியவரும். அருள்மொழிவர்மன் அவன் தலையில் முடிசூட்டுவான். படத்திலோ அந்த ஆள்மாறாட்டமே கிடையாது. முதலிலிருந்து வரும் மதுராந்தகனுக்கே முடி போகிறது.

முதல் பாகம் வந்தபோது அண்ணன் குடும்பத்தோடு ஜொகூர் பாரு சென்று பார்த்தார். இரண்டாம் பாகத்திற்கு வரமாட்டேன் என்று பிடிவாதமாக மறுத்துவிட்டார். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில்தான் பூசல் எழுந்தது.

"நந்தினி கையாலேதான் ஆதித்த கரிகாலன் செத்தான். வரலாறே அதான் தாத்தா!" என்றாள் பிள்ளை.

"யார் சொன்னது?"

"படத்திலேயே காட்டினாங்களே!"

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். இரண்டு நாள் தாத்தாவுக்கும் பேத்திக்கும் பேச்சில்லை. சினிமாவுக்காக இப்படியா என்று வீட்டிலுள்ளோர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்து லயத்தில் விளக்கு வெளிச்சத்தில், எழுத்தறியாத ஐந்தாறு பேருக்கு அவர் உரக்கப் படித்துக் காட்டிய புத்தகம் அது. அதைப் பற்றித் தம்மிடம் யாரும் ஒரு சொல் கேட்கவில்லையே என்ற வருத்தம்தான் கோபமாக வந்தது என்பது எனக்குத் தெரியும்.

கல்வெட்டு என்ன சொல்கிறது?

வாசகர்களே, உண்மையில் பேத்தி சொன்னதும் வரலாறு அல்ல. தாத்தா நினைத்திருந்ததும் முழு வரலாறு அல்ல.

தமிழ்நாட்டில் காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரைச் சொல்லி, அவர்களுடைய உறவினர் நிலங்கள் பறிமுதலான செய்தியைத் தருகிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பது அதில் இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் கல்கி தம் கதையை நட்டார். நந்தினி அவருடைய கற்பனைப் பெண். சேந்தன் அமுதன் பூக்கூடை சுமந்ததும் கற்பனையே. வந்தியத்தேவனோ உண்மை மனிதன். குந்தவையின் கணவன் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவன் பெயரைச் சொல்கிறது. கரிகாலனைக் குத்திய கை எது என்பதை நாவல் புதிராகவே விட்டுச் செல்கிறது. படம் அதைக் கண்முன்னே நடத்திக் காட்டிவிட்டது. எழுத்தில் புதிராக விடலாம். படம்பிடிக்கும் கருவியின் முன்னே யாராவது ஒருவர் கத்தியைப் பிடித்தாக வேண்டியிருக்கிறது. திரையின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

நம் ஊர்க் கதை

இதற்கெல்லாம் சீனாவுக்கும் சோழநாட்டுக்கும் போக வேண்டியதில்லை. கோத்தா திங்கியிலுள்ள கம்போங் மாக்காமுக்குப் போனால் சுல்தான் இரண்டாம் மாமுட்டின் கல்லறையைக் காணலாம். 1699-இல் கொல்லப்பட்டவர். தொழுகைக்குப் பல்லக்கில் போகும்போது குத்துண்டதால், மலாய்க்காரர்கள் அவரை 'மங்காட் டிஜூலாங்' என்கிறார்கள். சுமந்து செல்லப்படுகையில் மறைந்தவர் என்று பொருள்.

அவரைக் கொன்றவர் படைத்தலைவர் மெகாட் ஸ்ரீ ராமா என்கிறது கதை. அவருடைய கர்ப்பிணி மனைவி, மசக்கையில் அரண்மனைத் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றைத் தின்றுவிட்டாளாம். சுல்தான் அவள் வயிற்றைக் கிழிக்கச் செய்தாராம். அதற்குப் பழிவாங்கவே கொலை என்பார்கள். பலாச்சுளைக்கு உடையார்குடியைப் போலக் கல்வெட்டு ஏதுமில்லை. அரசர் கொலையுண்டதும், அவருக்குப் பின் பெண்டகாரா அரியணை ஏறியதும் வரலாறு.

இந்தக் கதையும் திரைக்கு வந்திருக்கிறது. சிங்கப்பூரின் கேத்தே கெரிஸ் நிறுவனம் 1961-இல் படமெடுத்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த கே.எம். பாஸ்கர்! அதற்கு முன் 1956-இல் பி. ரம்லி நடித்த 'ஹங் துவா' படத்தை இயக்கியவரும் இந்தியரே. பணி மஜும்தார் என்ற வங்காளி. அதில் நாயகன் ஹங் துவா. ஐந்தே ஆண்டில், 1961-இல் உசேன் ஹனிப் எடுத்த 'ஹங் ஜெபாட்' படத்தில், எதிர்த்து நின்ற ஜெபாட் நாயகனாகிவிட்டான். யார் பக்கம் நியாயம் என்று மலாய்க் குடும்பங்களிலும் விவாதம் உண்டு.

கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். சுல்தான் மாமுட்டுக்கு வாரிசு இல்லை என்று எல்லாரும் எண்ணியிருக்க, அவர் இறந்தபின் பிறந்த மகன் நானே என்று சொல்லிக்கொண்டு ராஜா கெச்சில் என்பவர் வந்தார். 1718-இல் ஜொகூர் அரியணையையே கைப்பற்றினார். அவர் சொன்னது மெய்யா பொய்யா என்பதைவிட, அதை நம்பப் போதுமான மக்கள் இருந்தார்கள் என்பதே முக்கியம். நம்பப்பட்ட கதைக்கு ஓர் அரசையே கவிழ்க்கும் வலு உண்டு!

இன்னொன்றும் கேளுங்கள். 'செஜாரா மெலாயு' என்னும் பழைய மலாய் நூலில், ராஜா சூரான் என்ற இந்திய மன்னன் பெரும்படையோடு வந்து, ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கருங்கல் கோட்டையைப் பிடித்ததாக வருகிறது. அந்த இடத்தின் பழைய பெயர் லிங்கியு. இன்று கோத்தா திங்கி மாவட்டத்தில் நீர்த்தேக்கம் இருக்கும் அதே பெயர்தான். அந்த மன்னன் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலின் அடிக்கே போய்வந்தான் என்றும் அந்நூல் சொல்கிறது. 1025-இல் கடாரத்தின் மீது படையனுப்பிய இராசேந்திர சோழனின் நினைவே இப்படிக் கதையாயிற்று என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இராசேந்திரன் யார்? நம் பொன்னியின் செல்வனுடைய மகன்!

கல்கி கரிகாலனுக்குச் செய்ததை, மலாய்ப் புலவர்கள் சோழனுக்கு எப்போதோ செய்துவிட்டார்கள். இந்தச் செய்தியைச் சொன்னபோது அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "கண்ணாடிப் பெட்டியா? அப்படியென்றால் மணிரத்னம் எவ்வளவோ பரவாயில்லை!"

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளைகளைப் படம் பார்க்காதே என்று தடுப்பதில் பயனில்லை. பார்த்த பிறகு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இதில் வந்தவர்களில் யார் உண்மையில் வாழ்ந்தவர்? கதாசிரியர் சேர்த்தது எது? படமெடுத்தவர் மாற்றியது எது? விடை தெரியாவிட்டால் நீங்களும் அவர்களும் சேர்ந்தே தேடலாம். பிள்ளை கேள்வி கேட்டால், "இதுகூடத் தெரியாதா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் மூடிப்போன புத்தகங்கள் பல.

மூன்றாம் நாள் பேத்திதான் முதலில் வந்தாள். "தாத்தா, மணிமேகலைன்னு ஒருத்தி இருந்தாளாமே, அவளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அண்ணன் அலமாரியிலிருந்து பழுப்பேறிய முதல் பாகத்தை எடுத்தார். ஆனால் அவருக்குக் கண்ணில் புரை. சிறிய எழுத்து தெரியாது. பிள்ளைக்கோ ஆறாம் ஆண்டோடு தமிழ் வாசிப்பு நின்றுபோயிற்று. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், பழைய சொற்களுக்குப் பொருளும் தெரியாது.

இப்போது சனிக்கிழமை இரவுகளில் அவள் வாசிக்கிறாள். அவர் பொருள் சொல்கிறார். ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம், சில வேளைகளில் பாதிதான். 'புது வெள்ளம்' முடிந்து 'சுழற்காற்று' நடக்கிறது. ஐந்து பாகமும் முடிய இன்னும் எத்தனை ஆண்டு ஆகுமோ! வந்தியத்தேவன் படத்தில்தான் அழகு என்று அவள் இன்னும் சாதிக்கிறாள். மணியம் வரைந்த மீசையைப் பார் என்று அவரும் விடுவதில்லை.

தவுக்கே இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். தம் பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரில் இருப்பதாகவும், தொலைபேசியில் வாசிக்கச் சொல்லலாமா என்றும் கேட்டார். சொல்லிப் பாருங்கள் என்றோம்.

வாசகர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியொரு புத்தகம் இருக்கும். அதை வாசிக்கப்போவது யார், கேட்கப்போவது யார்?