சிலம்பமா, கராத்தேயா?

மூர் மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில், எங்கள் பெட்டியில் அன்று ஒரு பெரிய வழக்கு. வாதி, பிரதிவாதி இருவருக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேல் இராது. ஒருவன் சிலம்பம் பழகுகிறவன், மற்றவன் கராத்தே. "மோதினால் யார் ஜெயிப்பாங்க? நீங்களே சொல்லுங்க, ஆன்ட்டி!" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் முகம்மது அலியின் கதையைச் சொன்னேன். 1976 ஜூன் 26-ஆம் தேதி, டோக்கியோவில், குத்துச்சண்டை உலக சாம்பியனான அலியும் ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகியும் மோதினார்கள். குத்து பெரிதா, பிடி பெரிதா என்று பார்க்கப் பெருங்கூட்டம். நடந்தது என்ன தெரியுமோ? இனோகி தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்! படுத்தபடியே அலியின் காலில் உதை, உதையென்று உதைத்தார். படுத்திருப்பவரை அலி எங்கே குத்துவது? முன்கூட்டியே பேரம் பேசி, இனோகியின் வித்தைகள் பலவற்றுக்குத் தடை போட்டிருந்தார்களாம். பாவம், அவருக்கு மிஞ்சிய வழி இதுதான்! 15 சுற்றும் முடிந்து, சமம் என்றார்கள். ஜனங்களுக்கு ஒரே ஆத்திரம். அலிக்கோ காலில் ரத்தம் கட்டி, ஆஸ்பத்திரி வாசம்.

அதே அலி 1980-ல் சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அப்போது முதலமைச்சர், சிலம்பம் அறிந்த எம்.ஜி.ஆர். நல்ல வேளை, அவர்கள் இருவரும் மோதவில்லை!

"சரி, சிலம்பக்காரன் கையில் கம்பு உண்டா, கிடையாதா?" என்று கேட்டேன்.

"உண்டு!" என்றான் ஒருவன். "கிடையாது!" என்றான் மற்றவன்.

பொன்னேரியில் நான் இறங்கும்போதும் கம்பு வழக்கு தீரவில்லை.