வெடித் தழும்புக்கு லேசர்: எது நடக்கும், எது நடக்காது

"கல்யாணம் பேசி முடிச்சாச்சு டாக்டர். மூணு மாசத்துல தழும்பு போயிருமா?" சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். தீப்பட்டு வருஷங்கள் ஓடியிருக்கும். தழும்பு தடித்து, இறுகி, கழுத்தை ஒரு பக்கம் இழுத்திருக்கும்.

லேசர் தழும்பை அழிக்காது

விளம்பரங்கள் என்ன சொன்னாலும் சரி, அழிக்காது. மெருகேற்றும். இன்று பரவலாக உள்ள ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் தழும்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடுகிறது; அவை ஆறும்போது தடிப்பு குறையும், தோல் இளகும், அரிப்பு தணியும். சிவந்திருக்கும் புதுத் தழும்புக்குப் பல்ஸ்டு டை லேசர் பொருந்தும். எதுவானாலும் சில வார இடைவெளியில் பல முறை செய்ய வேண்டும். ஒரே தடவையில் முடிப்பதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மூட்டையோ கழுத்தையோ இழுக்கும் தழும்புக்கு முதலில் பிளாஸ்டிக் சர்ஜன், லேசர் பிறகு. காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பான கீலாய்டை லேசரால் மட்டும் சுட்டால் முன்னைவிடப் பெரிதாக வளரலாம். ஸ்டெராய்டு ஊசியும் சேர வேண்டும்.

நம் மாநிறத் தோலில் லேசர் பட்ட இடம் கறுத்துப்போகும் அபாயமும் உண்டு. முதலில் ஓரத்தில் சிறு இடத்தில் செய்து பார்ப்பது அவசியம்.

உள்ளே தங்கிய வெடிமருந்து

வெடி முகத்தில் வெடித்தால் வெடிமருந்துத் துகள்கள் தோலுக்குள் புதைந்து நீலக்கறுப்புப் புள்ளிகளாக நின்றுவிடும். பச்சை குத்தியதை எடுக்கும் லேசரால் இதையும் எடுக்கலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் உள்ளே எரியாத வெடிமருந்து இருந்தால் லேசர் பட்டதும் அது பற்றிக்கொண்டு குழிக்காயம் உண்டாக்கலாம். 1998-லேயே மருத்துவ இதழில் பதிவான ஆபத்து இது. 'இது பட்டாசுக் காயம்' என்று கட்டாயம் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வந்தால் மரக்கச் செய்து தேய்த்தே பெரும்பாலான துகள்களை எடுத்துவிடலாம். அந்த நாட்களில்தான் யாரும் வருவதில்லை!

பற்பசை, இங்க், ட்யூப் மருந்து

காயத்தின் மேல் பற்பசை, இங்க், மாவு, காப்பித்தூள். இவற்றைச் சுரண்டி எடுப்பதற்குள் காயம் ஆழமாகிவிடுகிறது. ஆறியபின் எலுமிச்சைச் சாறு. அதுவும் போதாதென்று மருந்துக்கடையில் 'வெள்ளையாக்கும்' ட்யூப். பல ட்யூப்களில் இருப்பது ஸ்டெராய்டு. 2018-லேயே டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அரசு ஆணையிட்டும் கேட்டவுடன் கிடைக்கிறது. மாதக்கணக்கில் தடவித் தோல் மெலிந்து, முகமெல்லாம் பருவோடு வருபவரின் தோலில் லேசரை எப்படிக் காட்டுவது?

முகச் சுருக்கத்துக்கு

தழும்புக்குச் செய்யும் இதே லேசரில் வெயிலால் வந்த மெல்லிய சுருக்கமும் நன்றாகவே குறையும். சிரிக்கும்போதும் புருவம் நெரிக்கும்போதும் விழும் ஆழமான கோடுகளுக்குப் பலன் குறைவு. சன்ஸ்கிரீன் போடாமல் மறுபடி வெயிலில் நின்றால் சுருக்கமும் திரும்பிவிடும், செலவழித்த காசு திரும்பாது.

கெஞ்சிக் கேட்கிறேன்

தீப்பட்டவுடன் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். பிறகு நேரே மருத்துவமனை. காயம் ஆறியதும் சிலிக்கோன் ஜெல், அழுத்த உடை, தினமும் மூட்டுப் பயிற்சி. இவற்றை மாதக்கணக்கில் விடாமல் செய்தால் பலருக்கு லேசரே தேவைப்படாது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரை ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. கல்யாணம் நிச்சயமாகும்வரை காத்திருக்காதீர்கள். காயம் ஆறிய அந்த வாரமே வாருங்கள்.